வயிற்றுக்கு ஒன்றுமில்லை

ஜூலை 8, செவ்வாய். இன்று ஒரு தப்பு செய்தேன். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு வயிற்று வலி இல்லை.

இவ்வளவை எழுதிவிட்டு ஷாலினி பேனாவை மூடினாள். பகலில் தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் பில் போடுவாள். சாயங்காலம் மாட்டுங்காவில் கல்லூரி. இன்று இரண்டுக்கும் மட்டம் போட்டுவிட்டுப் பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தாள். மனநலப் பிரிவு எந்த மாடி என்று முந்தின நாளே விசாரித்து வைத்திருந்தாள். கவுன்டரில் ஹிந்தியில் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வரிசையில் பின்னால் அவர்கள் குடியிருக்கும் கல்லியின், அந்தச் சின்னச் சந்தின், ஆள் ஒருவர் வந்து நின்று, "என்ன ஷாலினி, யாருக்கு?" என்றதும் நாக்கு மாறிவிட்டது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து அசிடிட்டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பெரியப்பா சுடலைக்கண்ணன் களக்காட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் வாழை போடுகிறவர். கடந்த இரண்டு வருடமும் குலை தள்ளுகிற நேரத்தில் காற்று வந்து சாய்த்துவிட்டுப் போனது. போன மாதம் மோட்டார் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டு, "இனி என்னத் தேடாத" என்றார். தம்பி கணேசபாண்டியன், ஷாலினியின் அப்பா, பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பிடித்துக் கதவை உடைக்கச் சொன்னார். உடனே ஊருக்குப் போய் அண்ணனை ரயிலேற்றிக் கூட்டிவந்தார். வந்த அன்றே கல்லி முழுக்கச் சொல்லிவிட்டார்: அண்ணனுக்கு அல்சர்.

அதற்குக் காரணம் இருந்தது. நிலத்துக்காரரின் தங்கை முருகம்மாள் நாலு வீடு தள்ளித்தான் இருந்தாள். மூளை சரியில்லை என்று பேர் வந்துவிட்டால் எவன் குத்தகை விடுவான்? குத்தகைப் பேச்சு வெள்ளிக்கிழமை. அண்ணனை அதற்குள் ஊரில் சேர்க்க நாளை ரயிலில் டிக்கெட்டும் போட்டாயிற்று.

அல்சருக்கு ஒரு கல்லியில் இத்தனை மருந்து இருக்கும் என்று யார் கண்டது! ஒரு வீட்டிலிருந்து ஓமத் தண்ணீர் வந்தது, ஒரு வீட்டிலிருந்து வாழைத்தண்டுச் சாறு, எதிர்வீட்டு மராட்டிக்காரம்மாவிடமிருந்து புளிப்பான கோகம் பழச் சர்பத். சுடலைக்கண்ணன் எல்லாவற்றையும் மரியாதைக்காகக் குடித்தார். வாழைத்தண்டுச் சாற்றை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தார். ஷாலினியின் அம்மா பேராச்சி மூன்று வேளையும் அவருக்கு மோர்ச்சோறுதான் போட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஷாலினி கேட்டிருந்தாள்: "நான் தப்பாச் சொல்லிட்டேன் பெரியப்பா. நாளைக்குச் சரியாச் சொல்லுதேன். வருவியளா?"

"ரயில் இருக்குல்லா தாயி" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே தோட்டம், அதே மோட்டார் அறை, துணைக்கு ஆள் கிடையாது. அங்கேதான் அவரை மறுபடி அனுப்பப்போகிறார்கள்.

விளக்கு வைக்கிற நேரம். அடுப்பில் மீன் குழம்பு கொதித்தது. முருகம்மாள் ஒரு பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, மாதுளந்தோல் பொடி. மோர்ல கலக்கிக் குடிச்சிப் பாருங்க, கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"கல்ல எதுக்கு மைனி திங்கணும்?" என்றாள் பேராச்சி.

"ரயில்ல குடிச்சுக்கிடுவாவ" என்று கணேசபாண்டியன் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"பெரியப்பா நாளைக்குப் போகல. டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்கப்பா."

"ஏட்டி, என்ன காலி-பீலியா வெட்டிப் பேச்சு பேசுத? டாக்டரு மாத்திரை குடுத்தாச்சுல்லா."

"அது அந்த மாத்திரை இல்ல."

"பெறகு எந்த மாத்திரை?" என்றாள் முருகம்மாள்.

ஷாலினி பெரியப்பாவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியவர் பெரியப்பா. காலையில் வரிசையில் பயந்தவள் இப்போது இன்னொருவர் விஷயத்தைப் போட்டு உடைக்கலாமா? சும்மா இருந்தால் ரயில் போய்விடும்.

"அத டாக்டர் சொல்லுவாரு. நீங்க கேன்சல் பண்ணலன்னா நான் ஸ்டேஷன் வாசல்ல குறுக்க உக்காந்துக்கிடுவேன்."

"இவ்வளவு வாயா! காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்காவளா?" என்றார் கணேசபாண்டியன்.

சுடலைக்கண்ணன் பாட்டிலை எடுத்து முருகம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தார். "இத நீயே வச்சுக்க முருகம்மா. என் வயித்துக்கு ஒண்ணுமில்ல."

"அண்ணே..." என்று தம்பி இடைமறித்தார்.

"நீ இருல. வந்த நாள்லேருந்து கண்டதையும் குடிச்சு இப்பத்தான் வயிறு நெசமாவே வலிக்கு." பேராச்சி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. "சீக்கு மனசுல. செத்துப்போ, செத்துப்போன்னு உள்ள ஒண்ணு சொல்லிட்டே இருக்கு. இன்னிக்குக் காலையிலயும் சொல்லிச்சு."

பேராச்சி அடுப்பைத் தணித்தாள்.

"அய்யோ அண்ணாச்சி" என்றாள் முருகம்மாள். "இத எங்க அண்ணன்கிட்ட நான் எப்படி மறைப்பேன்?"

"நீ ஏன் மறைக்கணும்? போனப் போடு. நானே சொல்லுதேன்."

அவள் தயங்கினாள். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, சுடலைக்கண்ணன் பேசுதேன். வெள்ளிக்கெழம வர முடியாது. மனசுக்கு வைத்தியம் பாக்கப்போறேன். ஆமா, மனசுக்குத்தான். கிறுக்கன்னு சொன்னாலும் சொல்லிக்கிடுங்க. நெலத்த வேற ஆளுக்குக் குடுக்கணும்னா குடுங்க. காத்து வாழையச் சாச்சதுக்கு நான் ஏன் தலையக் குனியணும்?"

அந்தப் பக்கமிருந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று குரல் வந்து, இணைப்பு அறுந்தது.

"பெரிய மனுசன், யோசிக்கட்டும்." சுடலைக்கண்ணன் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முருகம்மாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"போச்சு" என்றார் கணேசபாண்டியன். "குத்தகை போச்சு."

"போனாப் போவுது. நான் இருக்கம்லா" என்றார் அண்ணன்.

பேராச்சி வழக்கம்போல மோர்ச் சட்டியை எடுத்தாள். அவர் தட்டின் மேல் கையை விரித்து மறைத்தார். "அந்த மீன் குழம்ப ஊத்து."

கணேசபாண்டியன் வெகு நேரம் அண்ணன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"எங்கட்டி அமுக்கணும், கேன்சலுக்கு?"

ஷாலினி டிக்கெட்டை ரத்து செய்தாள். சாப்பிட்டு முடித்ததும் டைரியைத் திறந்து, முதலில் எழுதிய வரிகளுக்குக் கீழே எழுதினாள்:

நாளை எட்டு மணிக்கு முன்னால் போய் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எடுக்க வேண்டும். டாக்டர் பார்க்கும்போது பெரியப்பா விரும்பினால் கூட இருக்க வேண்டும். ஊருக்குப் போனபின் அங்கே யாரைப் பார்ப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.