ஒரு கை

இந்த வசந்தத்துக்கு என்ன பின்னலாம் என்று பார்க்க மருந்துக்கடைக்காரி நூல் அலமாரியைத் திறந்தாள். உள்ளே மூன்று ஸ்வெட்டர் கைகள் தனித்தனியாகக் கிடந்தன: மஞ்சளில் ஒன்று, பச்சையில் ஒன்று, ஊதாவில் ஒன்று. ஒவ்வொரு வசந்தத்திலும் "இந்தத் தடவை ஒரு கை பாத்துடறேன்" என்றுதான் ஊசியை எடுப்பாள். சொன்ன சொல் தவறாதவள். ஒரு கையோடு நிறுத்திவிடுவாள். டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்துவிடுகிறவளுக்கு, பின்னல் புத்தகத்தில் "இதேபோல் இன்னொரு கை" என்ற வரி மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

கணவன் எட்டிப் பார்த்தான். "மூணு கை இருக்கற ஆளாப் பாத்து இதைக் குடுத்துடு."

"சிரிக்காதீங்க. இந்த வருஷம் கை வைக்காத ஸ்வெட்டர். கையே இல்லாததை எப்படிக் கைவிட முடியும்?"

வீறாப்பாக அன்றைக்கே வெளிர்நீல நூலில் ஆரம்பித்தாள். அவளே நம்பவில்லை, வசந்தம் முடிவதற்குள் முன்பக்கம் முழுசாக முடிந்துவிட்டது. கணவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பின்னாடி எங்கே?"

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, முன்பக்கத்தை அந்த மூன்று கைகளோடு போட்டுவைக்க அலமாரியை மறுபடி திறந்தாள்.