சீக்கிரம் நின்ற சக்கரம்

அந்த சைக்கிள் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்து முடித்த சக்கரத்தை மாமனார் அச்சைப் பிடித்துத் தூக்கி, ஒரு விரலால் தட்டிவிடுவார். சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார், தெருவில் போகிறவர்கள்கூட நடையைத் தளர்த்துவார்கள். கடைசியில் அது நிற்கும்போது மாமனார் யார் முகத்தையும் பார்க்காமல், "எடுத்துட்டுப் போங்க," என்பார். என்னமோ ராஜ்யத்தில் பாதியைத் தானம் கொடுத்த மாதிரி.

அந்தச் சுற்றலின் ரகசியம் மருமகளுக்குத் தெரியும். டப்பாவில் இருக்கிற மஞ்சள் கிரீஸில் அவர் தையல் மெஷின் எண்ணெயை விட்டுக் குழைத்து, கிட்டத்தட்டத் தண்ணீராக்கிவிடுவார். கையில் பிடித்துச் சுற்றினால் சக்கரம் பறக்கத்தான் செய்யும். முதல் மழையிலேயே அந்த எண்ணெய் ஓடிப்போய்விடும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். திரும்பி வருகிற சக்கரங்களைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவுவது அவள் வேலை. உள்ளேயிருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வரும், சொரசொரத்துப்போன பேரிங் குண்டுகள் வரும். பிணம் அறுக்கிறவருக்குத் தெரியாத வியாதி ஊரில் இருக்குமா?

ஆனால் அவள் கழுவலாம், பஞ்சர் ஒட்டலாம், காற்றடிக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்து அச்சு பூட்டக் கூடாது. "பொம்பளைக்கு எதுக்கு அச்சு வேலை, கை அழுக்காயிடும்," என்று மாமனார் ஒரு தடவை சொன்னார், மண்ணெண்ணெய்ச் சட்டியில் முழங்கைவரை விட்டிருந்தவளைப் பார்த்து. அவளுக்கு அந்த பெஞ்சு வேண்டும். நாளைக்கு, அடுத்த வருஷம் என்றில்லை, இப்போதே வேண்டும்.

அவள் கணவன் கடையின் முன்பக்கத்தில் மணியும் பெல்ட்டும் பூட்டும் விற்றுக்கொண்டிருந்தான். அப்பா சொன்னாலும் தலையாட்டுவான், மனைவி சொன்னாலும் தலையாட்டுவான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினால் டீ குடிக்கப் போய்விடுவான்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ரொட்டிக்காரர் முன்சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய ரொட்டியோடு தினமும் பள்ளத் தெருவைக் கடந்து போகிறவர். மழை வந்துவிட்டால் அங்கே முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு மழைக்கும் அவர் சக்கரம் இந்தக் கடைக்கு வந்தாக வேண்டும் என்பது விதி மாதிரி ஆகிவிட்டது. "இந்தத் தடவையாவது தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாமனார் சாப்பிட்டுவிட்டு உள்ளே கண்ணயர்ந்திருந்தார். அவள் எதிர்க்கடைக்குப் போனாள். பம்பு மெக்கானிக்கிடம், "அண்ணா, தண்ணிக்குள்ளயே கிடக்கிற பம்புக்கு ஒரு நீலக் கிரீஸ் வைப்பீங்களே, அதுல ஒரு உருண்டை குடுங்க," என்றாள்.

"உங்க மாமா கடைக்கா? அவரு திட்டுவாரே."

"திட்டட்டும். நம்ம காதுக்கு அது என்ன புதுசா?"

வந்து நேராக பெஞ்சில் உட்கார்ந்தாள். பழைய கிரீஸின் சுவடே இல்லாமல் கழுவித் துடைத்தாள். இரண்டு கிரீஸ் கலந்தால் இரண்டும் இளகிக் கெட்டுப்போவதை அவள் சட்டியிலேயே பார்த்திருக்கிறாள். நீலக் கிரீஸ் விரலை விடவில்லை. கிண்ணம் போலக் குழிந்த கப்பில் அதைச் சுற்றிலும் அப்பி, குண்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பதித்து, மேலே இன்னொரு பூச்சு பூசி, அச்சைச் செருகினாள். மிச்சக் கிரீஸ் இரண்டு பக்கமும் பிதுங்கி வளையமாக நின்றது. அதை அவள் வழிக்கவில்லை. தண்ணீரும் மணலும் உள்ளே போகாமல் மறிப்பதே அந்த வளையம்தான். பிறகு லாக் நட்டுகளை உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினாள்.

மாமனார் எழுந்து வந்தபோது அவள் பெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அவர் சக்கரத்தைத் தூக்கி, பழக்கப்படி ஒரு விரலால் தட்டினார். சோம்பேறித்தனமாகக் கொஞ்சம் சுற்றிவிட்டு அது நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"இது சக்கரமா, மாவாட்டுற கல்லா?" என்றார். "பிரி. கழுவு."

"பிரிக்க மாட்டேன் மாமா."

கணவன் டீ குடிக்கக் கிளம்பினான்.

"வெறுங்கையில சுத்தினா நிக்கத்தான் செய்யும்," என்றாள் அவள். "ஆளு ஏறி உக்காந்தா ஓடும். தண்ணில இறங்கினாலும் ஓடும். நீங்க இதுல கை வைக்காதீங்க. மழை முடிஞ்சு இது கெட்டு வந்தா, நான் ஆயுசுக்கும் கழுவிட்டே கெடக்கிறேன். கெடலைன்னா இந்த பெஞ்சு எனக்கு."

நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டாள். அவரால் என்ன செய்ய முடியும்? "சரி," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே சக்கரத்தை அவர் ரொட்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

மழை பேய் மாதிரி பெய்தது. அது ஓய்வதற்குள்ளேயே ரொட்டிக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். முன்சக்கரம் கரகரவென்று அழுதது. "பள்ளத் தெருவுல நட்டநடுத் தண்ணில சக்கரம் பிடிச்சிடுச்சு. ரொட்டியெல்லாம் மீனுக்கு," என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "நீதான்மா பூட்டினேன்னாங்க."

அவள் குனிந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். மாமனார் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"பேச்சு பேச்சுதான்," என்றான் கணவன் மெதுவாக. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கருத்துச் சொன்னான், அதுவும் இப்படி.

"பேச்சு பேச்சுதான். பிரிச்சுப் பாத்துட்டுக் கழுவப் போறேன்," என்றாள். "பிரிக்காம என்னைக் குத்தவாளின்னு யாரும் சொல்ல வேண்டாம்."

எல்லாரும் பார்க்கிற மாதிரி சக்கரத்தைப் பெஞ்சின் நடுவில் வைத்தாள். பம்பு மெக்கானிக்கும் தெருவைக் கடந்து வந்துவிட்டார். முதலில் இடது பக்கம். நட்டு லேசில் கழலவில்லை. ஸ்பானரில் தொங்கித்தான் திருப்பினாள். உள்ளே கிரீஸ் வைத்தபடியே நீலமாக இருந்தது. ஒரு குண்டை எடுத்துத் துணியில் துடைத்தாள். புதுசாகப் பளபளத்தது.

பிறகு வலது பக்கம். நட்டு சுலபமாகக் கழன்றது. செங்கல் நிறத் தண்ணீர் பெஞ்சில் வழிந்தது, அதோடு இரண்டாக உடைந்த குண்டு ஒன்று. நீலத்தின் சுவடுகூட இல்லை. அவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள். மணலுக்கும் துருவுக்கும் அடியில் தையல் மெஷின் எண்ணெய் வாசனை.

அவள் நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்குச் சளைத்துக் கண்ணைத் தாழ்த்தும் உத்தேசம் அவளுக்கு இல்லை. நெஞ்சு கொதித்தது. பிரித்துப் பார்க்காமலிருந்தால் நான் ஆயுள் முழுக்கக் கழுவியிருப்பேன், இவரும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

"அசிங்கமா இருந்துது," என்றார் அவர் கடைசியில். "சளி மாதிரி பிதுங்கிட்டு. சுத்தவும் இல்ல. என் கடையிலேர்ந்து அப்படி ஒரு சக்கரம் போச்சுன்னா..."

"அப்ப ஏன் ஒரு பக்கத்தோட விட்டீங்க?"

அவர் தன் மணிக்கட்டைத் தடவினார். "அந்தப் பக்கத்து நட்டு எனக்குக் கழலல."

பம்பு மெக்கானிக் சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். ரொட்டிக்காரர் சிரிக்கவில்லை, அவர் ரொட்டி போனது போனதுதான்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ஒரு பக்கம் உன்னுது, ஒரு பக்கம் என்னுது. பெஞ்சும் பாதிப் பாதி வெச்சுக்குவோம். நியாயம்தானே?"

கணவன் தலையாட்டினான்.

"பாதி வேண்டாம் மாமா," என்றாள் அவள். "பாதியில என்ன ஆகும்னு இப்பதான பாத்தோம்."

மாமனாரின் தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தாள். "இதைத் தையல் மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு வித்துடுங்க."

பிறகு புது குண்டுகளைப் போட்டு, நீலக் கிரீஸ் அப்பி, ரொட்டிக்காரர் காத்திருக்கும்போதே இரண்டு பக்கமும் பூட்டினாள். வளையம் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. வேலை முடிந்ததும் மாமனார் பழக்கதோஷத்தில் அச்சைப் பிடித்துச் சக்கரத்தைத் தூக்கிவிட்டார். விரல் தட்டுவதற்கு நீண்டது. அவள் கிரீஸ் கையாலேயே சக்கரத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"சுத்தாதீங்க. ஆடுதான்னு மட்டும் பாருங்க."

அவர் ஆட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மறுபடியும் இந்தப் பக்கம். அது அசையவில்லை.

"எடுத்துட்டுப் போங்க," என்றாள் அவள், ரொட்டிக்காரரின் முகத்தைப் பார்த்து.