ஒரு சிஸ்டம் போதும்

பிளஸ் டூ ரிசல்ட் பத்து மணிக்கு. பத்தே கால் ஆவதற்குள் பூர்ணிமா ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டாள். முதலியார்பேட்டையில் மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனி. ரிசல்ட் போடும் வெப்சைட் அவள் கையில். ஒரே நேரத்தில் இருநூறு பேரை உள்ளே விடுவாள், மற்றவர்களுக்கு 'சற்றுக் காத்திருக்கவும்' என்று ஒரு பக்கம் காட்டுவாள். யார் காத்திருந்தார்கள்? இரண்டு மாதம் ஆக்கப் பொறுத்த ஊருக்கு இரண்டு நிமிடம் ஆறப் பொறுக்கவில்லை. ஆளாளுக்கு ரெஃப்ரெஷ் பொத்தானைப் போட்டுக் குத்தினார்கள்.

அதிலும் ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு ஆயிரம் தட்டு. சர்வர் திணறியது.

"எவனோ வேணும்னே பண்றான், தூக்கிடும்மா," என்றார் முதலாளி கோபிநாத்.

பூர்ணிமா அந்த முகவரியை அடைத்தாள். சர்வர் நிமிர்ந்தது. அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான், பொய் சொல்வானேன்.

உடனே அம்மா சின்னப்பொண்ணுவின் போன். நோணாங்குப்பத்தில் மீன் விற்கிறவள். இன்று வியாபாரத்தை விட்டுவிட்டு இளையவள் சரிதாவோடு பிரவுசிங் சென்டரில் நிற்கிறாள். கெமிஸ்ட்ரியில் தேறினால்தான் சரிதாவுக்கு நர்சிங்.

"பூர்ணி, இங்க எட்டு சிஸ்டமும் வெள்ளையா நிக்குது. நாப்பது புள்ளைங்க தவிக்குதுங்க. இன்னாடி பண்ண?"

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. எட்டும் ஒரே இணைப்பில் வெளியே வந்தால் சர்வருக்கு ஒரே முகவரிதான். போக்கிரி என்று நினைத்துச் சொந்த ஊரையே அல்லவா வெளியே தள்ளியிருக்கிறாள்!

"தொறக்காத, மறுபடி படுத்துடும்," என்றார் கோபிநாத். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் எரிச்சல்.

"அம்மா, ஏழு சிஸ்டத்த நிறுத்தச் சொல்லு. ஒண்ணு போதும். ஒரு நம்பருக்கு ஒரு தட்டு. எவனாவது ரெண்டாந் தரம் தட்டுனா கைய ஒடி."

"மீன் ஏலத்துல நூறு பேர அடக்குறவடி நான்."

பூர்ணிமா முதலாளியைக் கேட்காமலே அடைப்பை எடுத்தாள். போனில் அம்மாவின் அதட்டல், ஒரு பிள்ளையின் கூச்சல், அப்புறம் இன்னொன்று. சர்வர் அசையவில்லை. முப்பது பேர் முடிந்தும் சரிதாவின் குரல் இல்லை.

"அவளுக்கு எப்பம்மா?"

"கடைசியில. நான் நடத்துற வரிசையில எம் பொண்ண முன்னால வுட்டா எவன் மதிப்பான்?"

தங்கையின் தேர்வு எண் பூர்ணிமாவுக்கு மனப்பாடம். தானே பார்த்துவிடலாம். விரல் துறுதுறுத்தது, பயம் பிடித்து இழுத்தது.

கடைசித் தட்டும் ஆயிற்று. ஒரு சத்தமும் இல்லை.

"அம்மா?"

"வாயத் தொறக்க மாட்டேங்குறா. எனக்கும் படிக்கத் தெரியாது. நீயே பாத்துச் சொல்லுடி."

எண்ணைப் போட்டாள். பக்கம் ஒரே நொடியில் திறந்தது. கெமிஸ்ட்ரி இருநூறுக்கு அறுபத்தொன்று. தேற எழுபது வேண்டும்.

"ஃபெயில்மா. கெமிஸ்ட்ரி மட்டும்."

அம்மா அங்கே நின்றவர்களைப் பார்த்து, ஏலக் குரலில் கத்தினாள்.

"எல்லாம் நவுருங்க. எம் பொண்ணு நேத்துலேந்து சாப்புடல."