புள்ளிக்காரிக்கு ஒரு நேர்ச்சை

"பானு! ஜீனத்தே சொல்லிட்டா! அவ வாயாலேயே சொல்லிட்டா!"

மதியச் சாப்பாட்டை எடுத்துப்போக வந்த சைஃபுல்லா, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று கூவினார். வெளியே அவருடைய தண்ணீர் லாரி அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது.

ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியையும் வெள்ளரித் துண்டுகளையும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த ஷஹர்பானு நிமிர்ந்து பார்த்தாள். கணவரின் கண் கலங்கியிருந்தது. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தக் கண் கலங்கி அவள் இதற்கு முன் பார்த்தது மூன்று தடவைதான். அதில் இரண்டு தடவை சிவிங்கிப்புலிக்காக.

"என்ன சொன்னா?"

"நீ சொன்ன மாதிரியே அவ வீட்டு வாசல்ல லாரிய நிறுத்தினேன். 'தங்கச்சி, தண்ணி எடுத்துக்கோம்மா'ன்னேன். 'வேண்டாம் அண்ணே, எங்ககிட்ட இருக்கு'ன்னா. இன்னொரு தடவை கேட்டேன். 'அல்லா மேல சத்தியமா வேண்டாம். அந்த வாயில்லாச் சீவனுங்களுக்குக் கொண்டுபோய் ஊத்துங்க, அதுங்க எங்க போய்க் கேக்கும்'னா. பானு, ஆறு வருஷமா என்னைக் கண்டா காறித் துப்பாத குறை. இன்னைக்கு அவளே சொல்றா!"

ஷஹர்பானு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை தடவை கேட்டீங்க?"

"ரெண்டு தடவை."

"ரெண்டா?"

"ஆமா, ரெண்டு."

"அறிவிருக்கா உங்களுக்கு? பாரசீகத்தானா பொறந்து, இந்த ஊர்லயே வளந்து, ரெண்டு தடவை கேட்டுட்டு வண்டியக் கிளப்பிட்டு வந்திருக்கீங்களே!"

சைஃபுல்லாவின் முகம் மெல்ல மெல்ல வாடியது. முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது மானத்துக்கு. மூன்றாவது தடவை என்ன பதில் வருகிறதோ அதுதான் நிஜம். இது பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த உபசாரம். கடைக்காரன்கூட, "நீங்க காசு தரணுமா, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்பான். அதை நம்பி யாராவது சும்மா எடுத்துக்கொண்டு போவார்களா?

"நிஜமாத்தான் சொல்றான்னு நெனச்சேன்" என்றார்.

"நிஜமா இருக்கணும்னு ஆசைப்பட்டீங்க."

அவள் குரல் அதற்குமேல் ஏறவில்லை. அவருடைய ஆசை அவளுக்குத் தெரியும்.

ஊர்க் கிணற்று மோட்டார் எரிந்து ஐந்து நாளாகிவிட்டது. தண்ணீர் அலுவலகத்துக்கு யார் போன் செய்தாலும் "நாளைக்கு" என்றார்கள். குடிக்கக் கடையில் பாட்டில் தண்ணீர் கிடைத்தது; குளிக்க, துவைக்க, கழுவ ஒன்றுமில்லை. பதினாறு வீட்டுப் பெண்களும் கோடை வெயிலில் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் சைஃபுல்லா ஓட்டும் சரணாலயத்து லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் நகரத்திலிருந்து ஐயாயிரம் லிட்டரைச் சுமந்துகொண்டு, ஊரின் நடுத்தெரு வழியாக, ஊற்று வற்றிய மலையடிவாரத் தொட்டிக்குப் போனது. அந்தத் தொட்டிக்குத்தான் புள்ளிக்காரி வருவாள், இரண்டு குட்டிகளோடு.

நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் சிவிங்கிப்புலிகள் சில பத்துக்கு மேல் தேறாது. அதில் குட்டியோடு இந்த வருடம் கண்ணில் பட்டவள் இவள் ஒருத்திதான். சைஃபுல்லா அவளைப் பற்றிப் பேசும் குரலைக் கேட்டு, "என் சக்களத்தி இன்னைக்கு என்ன சாப்பிட்டாளாம்?" என்று ஷஹர்பானு கேட்பது வழக்கம்.

ஜீனத்துக்கு அது வேடிக்கை இல்லை. ஆறு வருடம் முன்னால் சரணாலயத்தின் எல்லை இந்தப் பக்கம் நகர்ந்தது. மேய்ச்சல் நிலம் போனது. நூற்றிருபது ஆடுகளையும் விற்றார்கள். அவளுடைய கணவன் கெராமத் தெஹ்ரானுக்குக் கட்டட வேலைக்குப் போனான். இந்த வசந்தத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து திரும்பி வந்தான். நான்கு மாதமாகப் படுக்கை. முதுகில் புண். தினமும் கழுவித் துடைக்காவிட்டால் எலும்புவரை போய்விடும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள்.

நேற்று ரொட்டிக்கடை வரிசையில் ஜீனத் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "புள்ளி வச்ச கழுதைக்கு லாரியில தண்ணி போகுது. நாங்களும் மூஞ்சியில மையால புள்ளி வச்சுக்கிட்டா ஒரு குடம் கிடைக்குமா?" வரிசையே சிரித்தது. ஷஹர்பானு சிரிக்கவில்லை. சாயங்காலம் தன் வீட்டில் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து ஒரு கேன் தண்ணீரைக் கொடுத்தனுப்பினாள். கேன் முழுசாகத் திரும்பி வந்தது. வெறும் கேனாகத் திருப்பக் கூடாதென்று மூடிமேல் ஒரு கை உலர்ந்த பாதாமிப் பழம் வேறு.

"வண்டியத் திருப்புங்க" என்றாள் ஷஹர்பானு.

"திருப்பி? ஒரு வாசல்ல குழாயத் திறந்தா பதினாறு வீடும் டிரம்மோட ஓடி வரும். அவங்க வந்தா என்னால மூட முடியுமா? தொட்டி நேத்தே காஞ்சுபோச்சு பானு. இன்னைக்கும் தண்ணி இல்லேன்னா புள்ளிக்காரி குட்டிங்களக் கூட்டிக்கிட்டு அந்தாண்ட ஊத்துக்குக் கிளம்பிடுவா. நடுவுல மஷத் நெடுஞ்சாலை. போன வருஷம் லாரிச் சக்கரத்துல இருந்து அவளை மாதிரி ஒருத்தியச் சுரண்டி எடுத்தது இந்தக் கைதான்."

"கெராமத் முதுகுல புழு வெச்சா அதையும் இந்தக் கைதான் எடுக்கப்போகுதா?"

சைஃபுல்லா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் என்ன பண்ணணும்ங்கிறே? ரெண்டு பேருமே எனக்கு வேணுமே."

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் போய்விட்டது. இந்த மனிதர் ஒரு நாளும் ஜீனத்தை வெறுத்ததில்லை. ஆடுகளை விற்ற அன்று சந்தைக்குப் போய், அவளைத் தவிர யாருக்கும் தெரியாமல் ஓரமாக நின்று அழுதவர். அவர் கண் கலங்கி அவள் பார்த்த அந்த மூன்றாவது தடவை அதுதான்.

"வாயில்லாச் சீவன், வாயில்லாச் சீவன்னு அந்த மலையையே சுத்திச் சுத்தி வர்றீங்க" என்றாள் மெதுவாக. "புள்ளிக்காரிக்குப் பொறப்புலயே வாய் இல்ல. ஜீனத்துக்கு இருக்கு, ஆனா அதால 'கொடு'ன்னு கேக்க முடியல. எது பெரிய கொடுமை?"

திடீரென்று ஷஹர்பானு எழுந்தாள். பரணிலிருந்த பெரிய செம்புக் கரண்டியை எடுத்தாள். முஹர்ரம் மாதத்தில் நேர்ச்சைச் சோறு பரிமாறும் கரண்டி அது.

"நேர்ச்சைன்னு கொடுத்தா வேண்டாம்னு யாரும் சொல்லக் கூடாது. சரிதானே?"

"சரிதான். அதுக்கு?"

"வீட்டுக்கு ஒரு பாத்திரம்தான். ரெண்டாவது கேக்கவும் கூடாது. அதுவும் சரிதானே?"

சைஃபுல்லாவுக்குப் புரியத் தொடங்கியது. புரிந்ததும் பயமும் வந்தது. "இது அரசாங்கத் தண்ணி, பானு. வேலை போயிடும்."

"மேலதிகாரி கேட்டா பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க. அவருக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்ல, புரிஞ்சுக்குவாரு."

லாரி நடுத்தெருவில் நின்றது. ஷஹர்பானு லாரிப் படியில் ஏறி நின்று கரண்டியால் அதன் தண்ணீர்த் தொட்டியின் மேல் டங் டங்கென்று அடித்தாள். "நேர்ச்சைத் தண்ணி! வீட்டுக்கு ஒரு பாத்திரம்! கர்பலாவில தாகத்தோட உயிரை விட்டவங்க பேரால!"

கதவுகள் திறந்தன. வீட்டுக்கு ஒரு பாத்திரம்தான் என்பதை ஊர் நன்றாகவே புரிந்துகொண்டது. ஒருத்தி கல்யாணச் சமையல் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி பேரனைக் குளிப்பாட்டும் தொட்டி. கடைக்கார மம்மதலி, மாட்டுக்குத் தீவனம் வைக்கும் டிரம்மையே தூக்கிவந்து, "எங்க வீட்டுல இதுக்குப் பேரு பாத்திரம்தான்" என்றான்.

"உங்க வீட்டுல வெக்கத்துக்கு என்ன பேரு?" என்று கேட்டபடியே ஷஹர்பானு அதையும் நிரப்பவிட்டாள்.

வாங்கியவர்கள் எல்லோரும் வழக்கப்படி "கபூலாகட்டும்" என்று சொல்லி நகர்ந்தார்கள். நேர்ச்சையை வாங்கினால், நேர்ந்தவரின் வேண்டுதல் பலிக்கட்டும் என்று வாழ்த்தியாக வேண்டும். குழாயைப் பிடித்திருந்த சைஃபுல்லா, லாரித் தொட்டியின் பக்கவாட்டு அளவுகோலைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஜீனத் வந்தாள். கையில் ஒரு சின்னத் தேநீர்க் கெட்டில். வெள்ளையடித்த சுவர்மாதிரி முகம்.

"நேர்ச்சைன்னு சொன்னதால வந்தேன்" என்றாள். "எதுக்கு நேர்ச்சை?"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஷஹர்பானு கரண்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். மகனுக்கு வேலை என்று சொல்லலாம், தன் முழங்கால்வலி என்றும் சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நேர்ச்சையில் பொய் சொன்னால் தண்ணீரே விஷமாகிவிடும் என்று அவளுக்குப் பட்டது. அதோடு, ஜீனத்துக்கு மூடி மறைத்துக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

"புள்ளிக்காரிக்கு" என்றாள். "அவளும் குட்டிங்களும் ரோட்டுல கால் வைக்காம இருக்கணும்னு."

யாரோ "அடியே!" என்றார்கள். மம்மதலி தன் டிரம்மைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். 'கபூலாகட்டும்' என்று ஏற்கெனவே சொல்லித் தொலைத்தாயிற்று. திரும்ப வாங்க முடியாது.

ஜீனத் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

"எத்தனை குட்டி?"

"ரெண்டு" என்றார் சைஃபுல்லா.

"ரெண்டும் நடக்குதா?"

"ஒண்ணு கொஞ்சம் நொண்டுது, தங்கச்சி."

ஜீனத் அவர் பக்கம் திரும்பினாள். "எங்க ஆடுங்க இருந்தப்ப நொண்டிக் குட்டிய நான் தோள்லயே தூக்கிட்டு வருவேன். அது உங்க யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"எனக்கு இருக்கு" என்றார் அவர்.

அவள் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். கெட்டில் தெருவிலேயே கிடந்தது. ஷஹர்பானு குனிந்து அதை எடுத்தாள். போச்சு, எல்லாம் போச்சு. இனி இவள் நம் வீட்டு வாசலை ஆயுசுக்கும் மிதிக்கமாட்டாள்.

உள்ளே தடதடவென்று ஏதோ உருண்டது. கெராமத்தின் குரல், "எதைடி இழுக்கறே?" என்று அதட்டியது. ஜீனத் வெளியே வந்தாள், கம்பளி அலசும் பெரிய தகரத் தொட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு.

"ரொப்புங்க" என்றாள். "கெராமத்தக் குளிப்பாட்டக் கெட்டில் பத்துமா? அவன் என்ன தேயிலையா?"

தொட்டி நிரம்பி விளிம்பில் தளும்பியது. ஜீனத் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, கடனே என்று சொல்பவளைப்போலத் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "கபூலாகட்டும்." சொல்லிவிட்டு சைஃபுல்லாவைப் பார்த்துச் சீறினாள். "இன்னும் என்ன வாயப் பொளந்துகிட்டு நிக்கறீங்க? போங்க. நொண்டிக் குட்டி ரோட்டுக்கு ஏறினா வேகமாக்கூட ஓட முடியாது."

லாரி முக்கால் தொட்டித் தண்ணீரோடு மலைப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மதியச் சாப்பாட்டை அவர் எடுத்துப் போகவில்லை.

ஷஹர்பானு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தகரத் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். ஜீனத் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

"இவ எதுக்கு இங்க?" என்று கெராமத் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். "அடுத்த வீட்டுப் பொம்பளை முன்னால என்னை உரிக்கப் போறியா?"

"உன் அழகைப் பாக்க ஊரே டிக்கெட் எடுத்துட்டு நிக்குது" என்றாள் ஜீனத். "புரளு."

புண் ஷஹர்பானு பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் பார்க்கச் சகிக்கவும் இல்லை. ஜீனத் துணியை நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றினாள். ஷஹர்பானு தண்ணீரை மொண்டு ஊற்றினாள். நாலாவது குவளையில் கெராமத்தின் தோள் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டான். ஐந்து நாள் மூச்சு.

ஷஹர்பானுவின் போன் அடித்தது. சைஃபுல்லாதான். மலையடிவாரத் தொட்டியை நிரப்பிவிட்டாராம், பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பார்க்கிறாராம்.

"என்னவாம்?" என்றான் கெராமத், தலையணைக்குள் முகத்தை வைத்தபடி. "வந்தாளாமா?"

"இன்னும் இல்லையாம்."

"வெயில் இறங்கினாத்தான் வருவா. நான் மேய்ச்சப்பவும் அப்படித்தான்" என்றான் அவன். "அந்த மனுஷன அசையாமப் படுத்திருக்கச் சொல்லு. அவருக்கு இருமல் வேற."

"நீ முதல்ல அசையாமப் படு" என்று ஜீனத் துணியை மறுபடி நனைத்தாள்.