மூக்குச் சோதனை

தன் கை பட்ட காயம் சீழ் பிடிக்காது என்று ஜோசபினுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இருக்காதா பின்னே? புனேயில் ஒரு கிருமி ஆராய்ச்சிக்கூடத்தில் வருஷக்கணக்காக வேலை. மருந்துக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற சீழ்க்கிருமியைக் கண்ணாடித் தட்டுத் தட்டாக வளர்த்து, எந்த மருந்து அதைக் கொல்லும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் சிஞ்ச்வட் தொழிற்சாலையில் இரும்பு விழுந்து கால் முறிந்த புருஷன் தங்கராஜை, ஆஸ்பத்திரியில் காலுக்குள் தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, கட்டு மாற்ற வந்த நர்ஸை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் கை கழுவிய லட்சணம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தினமும் அவளேதான் கட்டினாள். கையுறை உண்டு, மாஸ்க் உண்டு. ஒரே ஒரு கெட்ட பழக்கம்: மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறதென்று மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவாள். சரியும் கண்ணாடியை நடுவில் ஒருமுறை அதே கையுறையோடு ஏற்றிக்கொள்வாள். சொந்த வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்?

சில வாரத்தில் தையல் சிவந்தது. அப்புறம் சீழ். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து சீழ் சோதனைக்கு அவள் கூடத்துக்கே வந்தது. அவளே தட்டில் பூசி, மருந்து ஊறிய காகித வில்லைகளை மேலே வைத்தாள். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறும் வட்டம் விழும். மறுநாள் பார்த்தால், பாவிக் கிருமி முக்கால்வாசி வில்லைகளை ஒட்டிக்கொண்டு செழித்திருந்தது. மிச்சமிருந்த மருந்துகளில் ஒன்று அவன் கிட்னியைக் கெடுத்தது, இன்னொன்று ரத்தத்தைக் கெடுத்தது. தகட்டை எடுத்தும் பார்த்தார்கள். கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த வாரம்தான் கூடத்துக்குப் புதுத் தட்டுகள் வந்து இறங்கின. புதுச் சரக்கு வந்தால் அங்கே ஒரு வழக்கம். ஆளாளுக்குத் தங்கள் மூக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துத் தட்டில் இழுப்பார்கள். மூக்கில் ஏதாவது கிருமி குடியிருக்கும். அது முளைத்தால் நல்ல தட்டு. கேலி பேசிவிட்டு ஆவியில் அவித்து எறிவார்கள். யார் மூக்கில் என்ன ரகம் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. ஜோசபினுக்கு இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. தன் மூக்கில் முளைத்த கிருமிமேலும் வில்லைகளை வைத்தாள்.

மறுநாள் தன் தட்டையும் புருஷன் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எந்த வில்லைக்கு வட்டம், எதற்கு இல்லை என்பது இரண்டிலும் அச்சு அசல் ஒன்று. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது!

கூடத்தின் தலைவர் கிருஷ்ணஸ்வாமி இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தொற்றி, கட்டு மாற்றும்போது அவளுக்கு வந்திருக்கலாம். அவளிடமிருந்தே அவனுக்குப் போயிருக்கவும் கூடும் என்றார். தகடு வைத்த ஆபரேஷனுக்கு முந்தைய அவளுடைய மூக்குத் தட்டு ஒன்று இருந்தால் சொல்லிவிடலாமாம். எங்கே இருக்கும்? அவள் கையாலேயே அவித்துக் கொட்டியாயிற்று. இனி ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை.

சாயங்காலம் வார்டுக்குப் போனபோது நர்ஸ் கட்டு மாற்றப் பஞ்சும் துணியுமாக நின்றிருந்தாள். தங்கராஜ் அவளிடம் ஹிந்தியில் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.

"நீயே கட்டு ஜோசி. இவங்க கட்டுனா வலிக்கு. நாளைக்கு இந்தக் கால் இருக்காதுல்லா."

ஜோசபின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகம் சுருங்கிப்போனது.

"பாக்கவே அருவருப்பா இருக்கா?"

அதற்கு மேல் அவளால் மறைக்க முடியவில்லை. தட்டுகளைப் பற்றி, மாஸ்க்கைப் பற்றி, தெரிந்ததும் தெரியாததும் எல்லாவற்றையும் அழுதபடி சொன்னாள். அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை நிமிர்ந்தான்.

"அப்ப ஒனக்கு? ஒனக்கும் மருந்து கெடையாதா?"

"மூக்குல இருக்கதுக்குக் களிம்பு இருக்கு," என்றாள். "ஒரு வாரம் போட்டாப் போயிரும்."

"அப்பாடா," என்றான் தங்கராஜ். மனசாரத்தான் சொன்னான்.

ஜோசபின் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். நர்ஸ் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.