மூன்று நன்றி அட்டைகள், ஒரே வாசகம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மெர்வின் வீட்டு ஹாலில் அன்று மாலை இருந்தவர்கள் ஆறு பேர். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் ஜீவரத்தினம் சார், மெர்வினின் அப்பா. அவருக்கு எண்பது நிறைந்ததற்குத்தான் ஸ்தோத்திர ஜெபம். சோபாவின் ஒரு முனையில் ஞானஜோதி டீச்சர், மடியில் கைப்பையோடு. மறுமுனையில் சாம்பசிவன் சார், நாவலூரிலிருந்து கால்டாக்சி பிடித்து வந்தவர். சாப்பாட்டு மேசை நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு மெர்வினும் ஜெயசீலியும். கதவை ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்டூலில் ஜெயசீலியின் கணவர் வேதசிரோமணி, சாரின் பழைய மாணவர். சர்ச் ஐயர் ஜெபித்துவிட்டு, கேக்கை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்.

சோபாவின் நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். "இங்க வாயேன்ல" என்று சாம்பசிவன் சார் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். வேதசிரோமணி ஸ்டூலே வசதி என்று சொல்லிவிட்டார். உள்ளே நுழைந்து மூன்று ஆசிரியர்களையும் ஒரே அறையில் பார்த்த கணத்திலேயே அவர் கதவோரம் ஒதுங்கியிருந்தார். சாருக்கு மட்டும்தான் விழா என்று நினைத்து வந்தவர் அவர். மெர்வின் பழைய ஆசிரியர்களையும் கூப்பிடுவான் என்று தோன்றவே இல்லை.

விஷயம் இதுதான். மூன்று பேரும் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் அவருக்குப் பாடம் எடுத்தவர்கள். ஓய்வுபெற்றபின் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்து ஆளுக்கோர் இடத்தில் இருப்பவர்கள். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முகவரிகள் கிடைத்ததும், ஆசிரியர் தினத்துக்குக் கையால் அட்டை செய்து அனுப்புவது என்று முடிவெடுத்தார். மகள் பிளஸ்ஸி வாங்கி வைத்திருந்த, அச்சுகளை ஒற்றி எடுக்கும் மை அட்டைகள் நான்கு நிறத்தில் இருந்தன. கடையில் விற்கும் அச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. பெரிய அழிப்பான் ஒன்றில் மைக்கூட்டையும் பேனாவையும் பிளேடால் தானே செதுக்கினார். கைப்பிடிக்குப் பாட்டில் மூடியை ஒட்டினார். பழைய நாளிதழில் ஐம்பது முறை ஒற்றிப் பார்த்து, எவ்வளவு மை, எவ்வளவு அழுத்தம் என்று கை பழகிய பிறகே தந்த நிற அட்டையில் வைத்தார். ஓர் அட்டையில் நீலம் மயிரிழை இழுபட்டது என்று கிழித்துப் போட்டு மறுபடி செய்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

வாசகத்துக்குப் பத்து நிமிடம்.

அதிலும் அந்தப் பத்து நிமிடம் முதல் அட்டைக்கு மட்டும். ஜீவரத்தினம் சாருக்கு எழுதும்போது வார்த்தை தானாக வந்தது. எட்டாம் வகுப்பில் திக்கித் திக்கிச் செய்யுள் சொன்னவரைப் பார்த்து வகுப்பே சிரித்தபோது, "நீ ஒப்பிக்க வேண்டாம், எழுதிக் காட்டு" என்று நோட்டை அவர் பக்கம் தள்ளியவர் சார்தான். அதை எழுதினார். அடுத்த அட்டையை எடுத்தார். பேனா நின்றது. திருமுடிவாக்கத்துப் பட்டறை அலுவலகத்தில் முப்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர் அவர். ஒரு நல்ல கடிதம் அமைந்துவிட்டால் பெயரையும் முகவரியையும் மாற்றி நாற்பது பேருக்கு அனுப்புவார். கைக்கு அது பழக்கம். பெயரை மாற்றினார். இவர்கள் மூவரும் எங்கே சந்திக்கப்போகிறார்கள் என்றும் ஒரு கணக்குப் போட்டார்.

"நான் ஒரு சாட்சி சொல்லணும்" என்று ஞானஜோதி டீச்சர் கைப்பையைத் திறந்தார்.

வேதசிரோமணி கதவைப் பார்த்தார்.

"எழுபத்தெட்டு வயசாகுது. முப்பத்தஞ்சு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். ஒரு பிள்ளையாவது நம்மள நினைச்சிருக்குமான்னு ராத்திரி படுத்தா யோசிப்பேன். போன மாசம் ஆண்டவர் பதில் குடுத்தார்." டீச்சர் அட்டையை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் வாசிப்பதைப் போலவே நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'எழுதிக் காட்டு' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். "எனக்கு இது ஞாபகமே இல்லை பாத்துக்கிடுங்க. ஆனா பிள்ளைக்கு ஞாபகம் இருக்கு. சர்ச்சுல எல்லார்ட்டயும் வாசிச்சுக் காட்டிட்டேன். மருமக லேமினேட் பண்ணித் தாரேங்கா."

ஜெயசீலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றிலும் ஒரே வாசகம் என்று அவளுக்குத் தெரியாது.

"அட, அப்பாக்கும் இதே கார்டு வந்துச்சே ஆன்ட்டி," என்று மெர்வின் வெள்ளந்தியாக எழுந்து ஷோகேஸைத் திறந்தான். "இதோ. அதே இங்க் பாட்டில், அதே பேனா. சூப்பரா இருக்குல்ல?" அட்டையை விரித்து உள்ளே வாசித்துக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான்.

சாம்பசிவன் சாருக்கு அடக்க முடியவில்லை. அவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் அடித்ததைவிடக் கேலி செய்தது அதிகம். "எனக்கும் வந்துதுல்லா! எட்டாம் கிளாஸ்ல நான் இவனுக்குப் பாடமே எடுக்கல. பத்தாப்புலதான். சரி, வயசாகி மறந்திட்டோம்னு பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. ஏல சிரோமணி, சர்க்குலர் அனுப்பியிருக்கியே. நகல் யாருக்குன்னு கீழ போட்டிருக்கலாம்லா?"

யாரும் சிரிக்கவில்லை. சாம்பசிவன் சாரும் டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

டீச்சர் அட்டையைப் பார்த்தபடியே கேட்டார். "அப்போ அது நான் இல்லையோ?"

வேதசிரோமணிக்குத் தான் திக்கி நின்ற அந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் சிரித்தவர்கள் நாற்பது பேர். அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அது இயலாமை. இது அவர் செய்து வைத்த வேலை.

ஜன்னல் பக்கமிருந்து ஜீவரத்தினம் சார் செருமினார். "நீங்கதான் டீச்சர். எனக்கு அந்த வருஷம் எட்டாம் கிளாஸே கிடையாதே. சிரோமணி ஆளு மாறி எனக்கு எழுதிட்டான். என்னடே, டீச்சர்தானே?"

சார் பொய் சொல்லி வேதசிரோமணி கேட்டதே இல்லை. தனக்குச் சேரவேண்டியதைத் தூக்கி அந்தம்மாள் மடியில் வைத்துவிட்டு, சார் வேதசிரோமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுக்க அவரைப் பார்த்தது.

வேதசிரோமணி தலையாட்டினார்.

"அப்படியா. இருக்கும் இருக்கும்" என்றார் டீச்சர்.

பிறகு கேசரி வந்தது, காபி வந்தது, வேளச்சேரி ரோட்டு டிராஃபிக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. டீச்சர் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினார். மருமகள் கார் வந்து ஹார்ன் அடித்ததும் எழுந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வேதசிரோமணியிடம் மட்டும், "உடம்பப் பாத்துக்கோ, இளைச்சிட்டே" என்றார்.

ஜெயசீலிதான் கவனித்தாள். டீச்சரின் காபி டம்ளருக்கு அடியில், ஈரம் படாதபடி ஒரு காகிதக் கைக்குட்டையை மடித்துப் போட்டு, அதன் கீழே அட்டை.

"டீச்சர் மறந்துட்டுப் போயிட்டாங்க பாருங்க."

"மறக்கலை" என்றார் வேதசிரோமணி.

இருவரும் வண்டியில் வீடு திரும்பினார்கள். பூட்டைத் திறக்கும்போது ஜெயசீலி சொன்னாள்: "ஏங்க, அச்சு கொஞ்சம் இழுபட்டதுக்கு ஒரு அட்டையவே கிழிச்சீங்களே."

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் அவர் வேலைக்கு லீவு போட்டார். எந்தக் கடிதத்துக்கும் முதலில் கச்சாப் பிரதி எழுதுவது அவர் வழக்கம். இன்றைக்கு அது வேண்டாமென்று தோன்றியது. திருத்தினால் நன்றாக அமைந்துவிடும், நன்றாக அமைந்ததால்தான் இத்தனையும். கோடு போட்ட வெறும் தாளை எடுத்தார். மை அட்டைப் பெட்டியை ஜெயசீலி மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டீச்சர் அவருக்கு என்ன செய்தார்? அரைமணி நேரம் யோசித்தும் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல், அதட்டல். பிரம்பு உண்டு. பிறகு ஒன்று வந்தது. அட்டையில் போடக்கூடியதே அல்ல. அதையே எழுதினார்.

'அன்புள்ள டீச்சருக்கு, அட்டையில் எழுதியதை நீங்கள் செய்யவில்லை. ஜீவரத்தினம் சார் செய்தார். உங்களுக்கு எழுத யோசிக்கச் சோம்பல்பட்டு அதையே பெயர் மாற்றி எழுதினேன். நேற்று சார் சொன்னது நீங்கள் வருந்தக்கூடாதென்று சொன்ன பொய். நான் தலையாட்டியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. நீங்கள் சர்ச்சில் வாசித்துக் காட்டியவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டுங்கள்.

நீங்கள் எனக்குச் செய்தது இது. ஏழாம் வகுப்பில் இந்திய வரைபடத்தில் கரையோரம் நீலம் தீட்டச் சொன்னீர்கள். நான் கிழக்குக் கரையை அவசரத்தில் நேர்கோடாக இழுத்தேன். மூன்று தரம் திரும்ப வரைய வைத்தீர்கள். மூன்றாவது தரமும் அடித்தீர்கள். அன்று உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்; பெஞ்சுக்கு அடியில் எழுதியும் வைத்தேன். நன்றி சொல்லும் அளவுக்கு அதை நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் அது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.'

கையெழுத்துப் போட்டார். ஒரு தரம்கூட வாசித்துப் பார்க்காமல் மடித்தார். வாசித்தால் கிழித்துவிடுவார் என்று அவருக்கே தெரியும். உறையில் டீச்சரின் சேலையூர் முகவரியை எழுதி, இடது மூலையில் தன் முகவரியையும் எழுதினார். திருப்பி அனுப்ப நினைத்தால் அனுப்பட்டும்.

"நேர்ல போய்க் குடுக்கலாம்லங்க? பக்கம்தானே" என்றாள் ஜெயசீலி.

"நேர்ல போனா எனக்காகச் சிரிப்பாங்க. அந்தப் பாவமும் வேண்டாம்."

உறையின் விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அழுத்தினார். செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் தபால் நிலையம்வரை நடந்தார். பெட்டியின் வாயில் உறையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பின்னால் ஓர் அம்மாள் கையில் கவரோடு, "போடுறீங்களா சார், நான் போடட்டுமா?" என்றார்.

போட்டார்.