ஏழாவது வரி

“இது எந்தப் பேப்பர்ல இருக்கு?” என்று மேடம் கேட்டபோது மணி பதினொன்று இருபது. குரலில் கோபமெல்லாம் இல்லை. எங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை விழும் கேள்வி அது. வெளியே மழை பெய்கிறது என்று சொன்னாலும் எந்தப் பேப்பரில் இருக்கிறது என்று கேட்கும் கூட்டம் நாங்கள். ஆனால் அப்போதுதான் நான் சொல்லி முடித்திருந்தேன், ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர்கள் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி மருந்து ஊற்ற வேண்டிய இடத்தில் இரண்டு மூடி ஊற்றுகிறார்கள் என்று. ஒரு மூடி ஊற்றினால் வாசனை தூக்கலாக வராது, வாசனை வராவிட்டால் துடைக்கவே இல்லை என்று சூப்பர்வைசர் திட்டுவார் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். கொட்டின சொல்லை அள்ள முடியாது. அது எந்தப் பேப்பரிலும் இல்லை.

அறையில் மூன்றே பேர். எங்கள் பிரிவின் தலைவியான மேடம், நான், புள்ளியியல் பார்க்கிறவர். அவரை எல்லாரும் தசமம் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டால் பத்து புள்ளி ஐந்துக்கு என்பார். நாங்கள் மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் இல்லை, நோயாளியைத் தொடுகிறவர்களும் இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகத்தில் யார் யார் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் திரட்டி, சலித்து, எடைபோட்டு, இவ்வளவுதான் தெரிகிறது என்று சொல்வது எங்கள் தொழில். திரட்டுவதற்கு முன்னால், எதையெல்லாம் அளக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி ஊரறியப் பதிந்துவிட வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலை வளைக்கக் கூடாது என்பதற்காக. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் அளவுகோலை முன்கூட்டிக் காட்டியதில்லை. அளந்து முடித்த பிறகு, நீ குட்டை என்று மட்டும் சொல்வார்கள்.

இந்தத் தடவை கேள்வி, வார்டுகளைத் தினமும் கடுமையான குளோரின் மருந்தால் துடைப்பது நல்லதா என்பது. சுகாதாரத் துறையின் கமிட்டி ஒன்று பதிலுக்குக் காத்திருந்தது. திட்டத்தை அன்று நாலு மணிக்குள் அவர்களுடைய தளத்தில் ஏற்றாவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். நாற்பத்தொரு பக்கம் தயார். மிச்சம் ஓர் அட்டவணை, அதில் ஏழு வரிகள். ஏழுக்கு மேல் போடுவதில்லை. எட்டாவது வரியைப் படித்த கமிட்டியைத் தான் பார்த்ததே இல்லை என்பார் மேடம். தொற்று, சாவு, படுக்கையில் கிடக்கும் நாட்கள், செலவு என்று முதல் ஆறு வரிகளில் சண்டையே வரவில்லை. ஏழாவதில் ‘நோயாளிகளின் திருப்தி’ என்று இருந்தது. வார்டில் சுத்தமான வாசனை வந்ததா, ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் போடுக. முன்னோட்டமாகத் தேடிப் பார்த்ததில் பதினொரு ஆய்வுகள் அதை அளந்திருந்தன. அதைத் தூக்கிவிட்டு ‘துடைக்கிறவர்களின் மூச்சுக் கோளாறு’ என்று போட வேண்டும் என்றேன். அதை அளந்த ஆய்வு ஒன்றுகூட இல்லையே என்றார் தசமம். அப்படியானால் வரியைக் காலியாக விடுங்கள், இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அளக்கவில்லை என்பது கமிட்டிக்குத் தெரியட்டும் என்றேன். காலி வரிக்குச் சராசரி எப்படிப் போடுவது என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு மூடி விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

“எந்தப் பேப்பரும் இல்ல மேடம். எங்கம்மா சொன்னாங்க.”

“உங்கம்மா நர்ஸ் இல்லையா?” என்றார் தசமம்.

நர்ஸ் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார் என்று மட்டும் சொல்வேன். மீதியைக் கேட்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள், நான் திருத்த மாட்டேன். இரண்டு வருஷமாகத் திருத்தவில்லை.

“தரை துடைக்கிறாங்க. பதினாலு வருஷமா.”

மேடம் அம்மாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “உன் ஃபார்ம்ல என்ன போட்டிருக்க?” என்றார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த வேலை தொடங்கியபோது எல்லாரும் ஒரு படிவம் நிரப்பினோம். இந்த ஆய்வின் முடிவால் உங்களுக்கோ உங்கள் நெருங்கிய குடும்பத்தாருக்கோ ஆதாயமோ பாதிப்போ உண்டா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்பதில் குறி வைக்க எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்காது. மருந்துக் கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் மாமனார்களுக்கான கேள்வி அது என்று நினைத்தேன். எந்த ஆராய்ச்சி முடிவால் எங்கள் குடும்பத்துக்கு என்ன வந்துவிட்டது? அப்படி நினைத்ததும் உண்மை. கீழே ‘ஆம் எனில் விவரம்’ என்ற பெட்டியில் அம்மாவின் வேலையை எழுத வேண்டிவந்திருக்கும் என்பதும் உண்மை. இதில் எது முதலில் தோன்றியது என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

மேடத்தின் படிவத்தில் ‘ஆம்’ என்றுதான் இருந்தது. கிருமிநாசினி தயாரிக்கும் ஒரு கம்பெனி நடத்திய மாநாட்டுக்கு அவர்கள் செலவில் போய்வந்ததை, விமான டிக்கெட், மூன்று நாள் அறை வாடகை உட்பட, ஒளிக்காமல் எழுதியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தியது என்பதால் வரிகளைத் தேர்ந்தெடுப்பதில் அவருடைய ஓட்டுக்குத் தடை இல்லை. விதி அப்படி. அம்மாவின் இருமலுக்கு அந்த மூன்று வருஷக் கணக்கு உதவாது. அது அன்று காலையிலும் இருந்தது.

“நான் உன்ன நம்பறேன்,” என்றார் மேடம். “ஆனா நீ ஆம்னு மாத்தினா, இந்த வரிகளைத் தேர்ந்தெடுக்கறதுல உனக்கு ஓட்டு கிடையாது. அதுக்கப்புறம் அந்த வரிக்காகப் பேச இந்த ரூம்ல ஆளும் கிடையாது. மாத்த மாட்டேன்னா, அந்த வரிய நீயே வாபஸ் வாங்கிக்கணும். ரெண்டையும் வெச்சுக்க முடியாதும்மா.”

அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கச் சொல்லும் கடிதத்தை மேடம் பாதி எழுதி வைத்திருக்கிறார், படிவத்தில் பொய் சொன்னவள் என்று மேலே தெரிந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பிருக்காது என்பதையும் சொன்னார். மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். கத்தியைக் காட்டவில்லை. எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மூணே முக்காலுக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் பஸ் ஏறினேன். அம்மாவின் ஆஸ்பத்திரி நாலு நிறுத்தம் தள்ளி. நின்றுகொண்டே போனில் திட்டத்தைத் திறந்து, துடைக்கிறவர் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. பணியாளர் என்று தேடினேன். மூன்று இடம், மூன்றும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் பற்றியவை. தரை துடைக்கப்படும், மருந்து தெளிக்கப்படும், வாளி மாற்றப்படும். பேய் வந்து துடைத்துவிட்டுப் போகிற மாதிரி. நாற்பத்தொரு பக்கத்தில் பாதியை எழுதியவள் நான்தான். எழுதும்போது எனக்கே உறைக்கவில்லை.

அம்மா பின்பக்கப் படிக்கட்டுக்கு அடியில் இருந்தாள். படி சரிந்து இறங்கும் இடம், நிமிர்ந்தால் தலை இடிக்கும், ஜன்னல் கிடையாது. மாப்புகள் தலைகீழாகச் சாத்தியிருந்தன. மருந்து கலக்குவதும் அங்கேதான், சாப்பிடுவதும் அங்கேதான். வாசலிலேயே எனக்குக் கண் எரிந்தது. அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, வேலை போயிருச்சா?” என்றாள். பட்டப்பகலில் நான் வந்து நின்றால் அவளுக்கு வேறு அர்த்தம் தோன்றாது.

இன்னும் போகவில்லை என்று சொல்லி, கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வரி, படிவம், மேடம் வைத்த கெடு. நர்ஸ் விஷயத்தைக் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

“நானு நர்ஸா? நல்லாருக்குடி. நான் உன்ன டாக்டருன்னுல்ல சொல்லி வெச்சிருக்கேன். எதிர்வீட்டுக்காரி முட்டி வலிக்கு உன்கிட்ட மாத்திரை கேட்டு வாங்கித் தரச் சொல்லி ஒரு வாரமா நச்சரிக்கிறா.”

சிரிப்பு இருமலாக மாறியது. ஒரு மாப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் எண்ணினேன், தொழில் புத்தி. பதினான்கு. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு உள்ளே போக வழி தேடும் சத்தம். முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, நடுவில் ஒன்றும் நடக்காததுபோலக் கேட்டாள்.

“அந்தத் தாள்ல என் பேரு வருமா?”

“வராது. அம்மான்னும் வேலை இன்னதுன்னும்தான் வரும்.”

“ஆஸ்பத்திரி பேரு?”

“அதுவும் வராது.”

“அப்ப எனக்கு என்ன போகுது. போனா உனக்குத்தான் போகும். நீ யோசிச்சுக்க.” எழுந்து ஒரு வாளியைக் குழாயடிக்கு நகர்த்தினாள். தண்ணீர் பாதி நிறைந்தபோது, திரும்பிப் பார்க்காமலே, “அந்த வரிய எடுத்துட்டா அங்க என்ன போடுவாங்க?” என்றாள்.

“வார்டு நல்லா வாசனையா இருந்துச்சான்னு பேஷண்டைக் கேட்டு மார்க்கு போட்டிருக்காங்க. அது.”

அம்மா குழாயை மூடினாள். “அதான் ரெண்டு மூடி,” என்றாள்.

கேனைச் சாய்த்து ஒரு மூடி அளந்து ஊற்றினாள். நிறுத்தி, என்னைப் பார்த்தாள். மேலே யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை, ஷூ. இரண்டாவது மூடியையும் ஊற்றினாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள், பதினாலு வருஷப் பழக்கம். வாளியின் கைப்பிடியை நான் ஒரு பக்கம் பிடித்தேன். வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. முதல் திருப்பத்தில் தண்ணீர் தளும்பி என் சட்டைக் கையில் தெறித்தது. இதற்குத்தான் வேண்டாம் என்றேன், நல்ல சட்டை என்று மாடி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வார்டு வாசலில் வாளியை வைத்ததும், போ என்பதுபோல் முகவாயை அசைத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் திரும்பி வந்தபோது மூன்று முப்பத்தைந்து. மேடமும் தசமமும் அதே அறையில், ஏசி ஓட, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். பெரிய திரையில் அட்டவணை. நான் என் மடிக்கணினியைத் திறந்து படிவத்தை எடுத்தேன். ‘இல்லை’யிலிருந்து குறியை நீக்கி ‘ஆம்’மில் வைத்தேன். கீழே பெட்டி திறந்தது. ஐம்பது சொற்களுக்குள் என்று போட்டிருந்தது. “என் தாய் மருத்துவமனைத் தரை துடைக்கும் பணியாளர், பதினான்கு ஆண்டுகளாக. இந்த மருந்தைத் தினமும் கையாளுகிறார். அவருக்கு மூச்சுக் கோளாறு உண்டு.” பதினாறு சொற்கள் ஆயின. மிச்ச முப்பத்துநாலில் எழுத என்னிடம் நிறைய இருந்தது, அதில் ஒன்றும் அச்சில் ஏறாது. படிவங்கள் திட்டத்தோடு சேர்ந்து நாற்பத்திரண்டாம் பக்கமாக வெளியாகும். வரி போனாலும், ஓட்டு போனாலும், அந்தப் பக்கத்தில் துடைக்கிறவள் ஒருத்தி இருப்பாள். கமிட்டி படிக்கிறதோ இல்லையோ. பொத்தானை அழுத்தினேன்.

மேடத்தின் திரையில் அது போய் விழுந்த சத்தம் கேட்டது. படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், பதினாறு சொல்லுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

“சரி,” என்றார். “இனிமே இதுல நீ பேசக் கூடாது.”

நாற்காலியை மேசையிலிருந்து பின்னால் தள்ளிச் சுவரோரமாக உட்கார்ந்தேன். பேசக் கூடாது என்று சட்டம் போட்டு என்னை உட்கார வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவரை யாரும் சட்டமெல்லாம் போட்டதில்லை, அப்படியே உட்கார வைத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்திரண்டு. ஏழாவது வரியில் ‘நோயாளிகளின் திருப்தி’ என்பதும் நான் எழுதியதும், சாய்கோடு போட்டு, இரண்டுமே இன்னும் இருந்தன. ஒன்றை அழிக்க வேண்டும். மேடம் சுட்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். தசமம் என்னைப் பார்த்தார், பிறகு ஏசியைப் பார்த்தார். அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. எப்போதும் முடியாது. மூக்கை உயர்த்தி மோந்தார்.

“மதியம் ரூமைத் துடைச்சாங்களா என்ன? நல்லா சுத்தமா வாசனை வருதே. அஞ்சுக்கு நாலு புள்ளி ரெண்டு போடலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவருக்கே கடைசிச் சொல்லில் குரல் இறங்கிவிட்டது. மெல்லத் திரும்பி, வாசனை வந்த திசையைத் தேடி, என் பக்கம் வந்து நின்றார். எனக்குப் பேச அனுமதி இல்லை. கையை மடிக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இழுக்கவில்லை, நாற்காலியின் கைமேல் அப்படியே வைத்திருந்தேன்.

திரையில், இரண்டு பெயருக்கும் நடுவில், கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. மேடத்தின் விரல் அசையவில்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை, என் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கருநீலத் துணியில் மருந்து தெறித்த இடங்கள், சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றாக வெளுத்துக்கொண்டு வந்தன.